விரத வாயும் மாட்டெலும்பும்

பழனியாண்டவர் மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கொடைக்கானல் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில், முருகனுக்குப் போட்ட மாலையோடு சாய்ந்து கிடக்கிறேன். சன்னலை மேகம் அடைத்திருக்கிறது. விளக்கொளியில் என் தாடை எக்ஸ்ரே, தேய்ந்த சோப்புத்துண்டாய்த் தெரிகிறது. "எலும்பு வச்சாத்தான் புதுப் பல்லு நிக்கும்ங்க," என்கிறார் டாக்டர் லீலா. "ஒங்க இடுப்புல எடுத்தா வெரசா ஒட்டும், கொஞ்ச நாள் நடக்க முடியாது. மாட்டெலும்புத் தூள்னா நடக்கலாம், ஒட்டத்தான் நாளாகும்." அடுத்த வாரம் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்க வேண்டும், விரத வாயில் மாடா? தட்டில் ஊசி கிணுகிணுக்கிறது. மனைவி ஜோதிமணி என் மாலையையே முறைக்கிறாள். நான் டாக்டரைக் கேட்கிறேன்:

"அந்த மாடு சைவந்தானுங்களே?"

டாக்டரின் கை அப்படியே நிற்கிறது. "புல்லுதாங்க தின்னுருக்கும்."

"அப்பச் சரி." வாயைத் திறக்கிறேன்.

அந்தப் புதுப் பல்லோடு சேர்த்து என் முப்பத்திரண்டு பல்லும் இன்றுவரை ஆடாமல் இருக்கின்றன.