கஸ்பாரின் சனிக்கிழமை

உமா மகேஸ்வரி டீச்சர் மேல் புகார் எழுதியாயிற்று. கையெழுத்துகள்தான் பாக்கி.

சனிக்கிழமை தோறும் விடியற்காலையில் தீவின் தெற்குக் கோடியில் இருக்கிற சிடியா டாப்பு காட்டுப் பக்கம் பறவை பார்க்கப் போகிற பன்னிரண்டு பேர் கூட்டம் அது. டீச்சர்தான் முன்னால் நடந்து காட்டிக்கொடுப்பவர். பறவை பார்க்கிற இடத்தில் தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். முன்பெல்லாம் டீச்சரும் கைச்சாடையோடு நிறுத்திக்கொள்வார். ஆறேழு மாதமாக என்ன வந்ததோ, ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிற மாதிரி இந்தியிலும் தமிழிலுமாக ஓயாமல் சொல்லிக்கொண்டே வருகிறார்.

"வலது பக்கம், பட்ட மரம், ரெண்டாவது கிளை. மரங்கொத்தி. உடம்பெல்லாம் கறுப்பு, கொண்டை மட்டும் சிவப்பு. இப்பத் தலையைத் திருப்புது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மரங்கொத்தி அடுத்த தீவுக்கே போயிருக்கும்.

புகார்ப் பேப்பரை நீட்டியவர் பிஸ்வாஸ் என்கிற பெங்காலிக்காரர். கழுத்தில் பெரிய கேமரா, ஆறு மாதமாக உருப்படியாக ஒரு போட்டோ இல்லை, வயிற்றெரிச்சல் இருக்கத்தானே செய்யும்?

"கஸ்பார் பாய், நீங்கதான் எப்பவும் டீச்சர் பக்கத்திலேயே நடக்கறீங்க. உங்களுக்குத்தானே தொல்லை அதிகம்?" என்று இந்தியில் கேட்டார்.

கஸ்பாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் டீச்சரை ஒட்டியே நடப்பதற்குக் காரணம் இருந்தது. வெளியே சொல்ல முடியாத காரணம்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. காலடியில் பாதை தெரியும், எதிரே நிற்பது ஆள் என்று தெரியும். பத்தடிக்கு அப்பால் எல்லாம் புகை. இதற்கு ஆபரேஷனும் கிடையாது என்று மெயின்லேண்டில் டாக்டர் கையை விரித்துவிட்டார். டீச்சர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்து, "ஆமா, கொண்டை நல்ல சிவப்பு" என்று ஒரு போடு போடுவார் கஸ்பார். தன் கண் மங்குகிற நேரம் பார்த்து டீச்சருக்குப் பேச்சு கூடியது மாதாவின் கருணை என்று நினைத்து மெழுகுவத்திகூட ஏற்றியிருக்கிறார்.

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? போன வருஷம் கூட வந்துகொண்டிருந்த ரெங்கம்மாவுக்குப் பார்வை சரியில்லை என்று தெரிந்ததும் என்ன செய்தார்கள்? காட்டில் விழுந்து வைத்தால் யார் பொறுப்பு, வீட்டில் ரெஸ்ட் எடுங்கள் என்று அன்பாகச் சொல்லி வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

கஸ்பார் முப்பது வருஷம் துறைமுகத்தில் போட் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி சூசைமேரி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. மகள் சென்னையில். ஜங்லிகாட் வீட்டில் அவரும் ஒரு ஃபேனும்தான். கடையில் பால் பாக்கெட் கேட்பது, ஞாயிற்றுக்கிழமை சாமியாருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்வது, வாரம் முழுக்க அவர் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். சனிக்கிழமை மட்டும்தான் நாலு பேர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

தொல்லை இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். கேட்டால் குட்டு உடைந்துவிடும். ஞானஸ்நானம் வாங்கிய கஸ்பார் கும்பலோடு கோவிந்தா போட்டார். பிஸ்வாஸ் விரல் வைத்த இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை பிஸ்வாஸ் முன்னால் நடந்தார். விரலை நீட்டுவார், எல்லா பைனாகுலரும் அந்தப் பக்கம் திரும்பும். பேச்சுமூச்சு இல்லை. டீச்சர் கடைசி ஆளாக வாயைக் கட்டிக்கொண்டு வந்தார்.

கஸ்பார் பாடு திண்டாட்டமாகிப் போனது. எல்லோரும் கடல் பக்கம் பார்த்தபோது இவர் மலைப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். நல்ல வேளை, யாரும் கவனிக்கவில்லை. தன் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். அத்தனை பேர் நடுவில், பூட்டிய வீட்டுக்குள் இருப்பதைவிடத் தனியாக இருந்தது அவருக்கு.

திரும்பும்போது டவுன் பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் டீச்சர் பக்கத்தில் போய் நின்றார்.

"டீச்சர், அந்தப் பேப்பர்ல நானும் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும்ணே. காட்டினாங்க."

"பயந்துட்டேன் டீச்சர். எனக்குக் கண்ணு…"

"அதுவும் தெரியும்ணே. அன்னைக்கு ஒரு கிளி பறந்து போனது தெரியாம, இன்னும் கிளையில இருக்குன்னு நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க மட்டும்தான் ஆமா, அழகா இருக்குன்னீங்க. அதுக்கு அப்புறம்தான் நான் இப்படிப் பேச ஆரம்பிச்சேன்."

கஸ்பார் இன்னும் ஓரடி ஒட்டி நின்று கேட்டார்.

"அதை அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"கேட்டாங்கண்ணே. இவ்வளவு பேசறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க, புகாரைக் கிழிச்சுப் போட்டுடறோம்னாங்க. காரணத்தைச் சொன்னா அடுத்த வாரம் உங்களை ரெஸ்ட் எடுக்கச் சொல்லிடுவாங்க. அதான், என்னால வாயை அடக்க முடியலைன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன்."