இன்னொரு கணக்கு

பேராசிரியர் கதவைத் தட்டவில்லை. தட்டினால் உள்ளே இருப்பவர்கள் சுதாரித்துக்கொள்வார்கள்.

தள்ளித் திறந்தபோது வகுப்பில் ஒரே இரைச்சல். இரண்டு பேர், மூன்று பேராக மாணவர்கள் தலையோடு தலை ஒட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் மேடை காலி. கணிதத் துறைத் தலைவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மாணவி ஏதோ விளக்குவதைக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேராசிரியரைப் பார்த்ததும் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

அடங்கிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. மடியில் கனமில்லாதவர்கள் எதற்காக அடங்க வேண்டும்?

கொஞ்ச நாளாகப் பல்கலைக்கழகம் முழுக்க இந்தத் துறையைப் பற்றித்தான் பேச்சு. ஓய்வுபெற்றுப் போன விரிவுரையாளர்களின் இடத்தை நிரப்பப் பணமில்லை என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. ஆள் குறைந்த அதே சமயத்தில்தான் முதலாண்டுக் கணிதத்தின் முதல் பருவத் தேர்வில் தேர்ச்சி மளமளவென்று ஏறியது. செலவும் குறைய வேண்டும், பிள்ளைகளும் தேற வேண்டும், இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று துணைவேந்தர் கூட்டத்தில் புகழ்ந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். இவர் மட்டும் எழுந்து நின்று, கேள்வித்தாள் வெளியே போயிருக்கும் என்றார்.

அவர் புள்ளியியல் பேராசிரியர். சட்டியில் இல்லாதது அகப்பையில் வராது என்பதில் உறுதியானவர். அப்படியானால் நீங்களே போய் விசாரியுங்கள் என்று துணைவேந்தர் அவர் தலையிலேயே கட்டிவிட்டார். குற்றம் உறுதியானால் அத்தனை பேரின் தேர்ச்சியும் ரத்து. தலைவியின் வேலையும் போகும்.

"இது வகுப்பா, சந்தையா மேடம்?"

தலைவி எழுந்து வந்தார். "போன வருஷம் ஃபெயிலானவங்க, புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும். அவ்வளவுதான் சார் நம்ம வித்தை. வழுக்கி விழுந்தவனுக்குத்தானே எங்க பாசின்னு தெரியும்?"

நீச்சல் தெரியாதவன் நீந்தச் சொல்லிக்கொடுத்தானாம் என்று நினைத்துக்கொண்டே பேராசிரியர் பலகைக்குப் போனார்.

அன்று காலை அவரே யோசித்து உருவாக்கிய கணக்கு. எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கூம்பு வடிவத் தொட்டி ஒன்று, கவிழ்த்த தொப்பியைப் போல. மேலே குழாய் நிரப்புகிறது, கீழே ஓட்டை ஒழுகுகிறது. பாதி உயரம் நிறைந்த கணத்தில் நீர்மட்டம் எந்த வேகத்தில் ஏறும்?

எழுதி முடித்துத் திரும்பினார். ஜன்னலோரம் இருந்த நெட்டையனைக் கை காட்டினார்.

"நீ. எழுந்து வா."

வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் பேராசிரியர் கவனித்தார். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம்.

நெட்டையன் வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கணக்கைப் படித்தான், மறுபடியும் படித்தான், பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"இதுல எது மாறுது, எது மாறாம இருக்கு?"

"கேட்டது உன்னை," என்றார் பேராசிரியர்.

"விடுங்க சார், அவனுக்கு அப்படிக் கேட்டாத்தான் வரும்," என்றார் தலைவி.

முன்வரிசையிலிருந்து பதில்கள் வந்தன. அவன் எழுதிக்கொண்டே போனான். பாதியில், முன்னால் இருந்த சின்னப் பெண் ஒருத்தி துள்ளினாள்.

"அண்ணா! தண்ணி ஏற ஏற வட்டமும் பெருசாகுமே!"

அவன் கை நின்றது. உள்ளங்கையாலேயே அந்த வரியைத் துடைத்தான். "ஆமால்ல. போன வருஷம் நான் கவுந்ததே இந்த இடத்துலதான்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. எங்கே தடுக்கி விழ வேண்டும் என்பதைக்கூட ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்கள்.

விடை வந்தது. சரியான விடை.

அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினார். பிடிக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. மறுபடி மேலேயிருந்து தொடங்கினார்.

நெட்டையன் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தான்.

"இன்னும் சந்தேகமா இருந்தா வேற ஒண்ணு குடுங்க, அப்பா."

வகுப்பில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரியும்.

முடிவு வந்த அன்று மதிப்பெண்ணை மகன் சாப்பிடும்போது சொன்னான். மனைவி கையைக்கூடக் கழுவாமல் அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "யாரைப் பார்த்து எழுதினே?" மகன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். மறுநாள் காலையில்தான் துணைவேந்தரின் கூட்டம்.

மற்ற பிள்ளைகள் மட்டும் தேறியிருந்தால், அவரும் கைதட்டியிருப்பார்.

"போதும் சார்," என்றார் தலைவி, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

பேராசிரியர் தலையசைத்தார். போதும்தான். மகனின் தோள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கையும் பாதி எழுந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த தாள் ஞாபகத்துக்கு வந்தது. காலையில் அவர் குளித்துவிட்டு வரும்வரை அது சாப்பாட்டு மேசையில் திறந்தபடி கிடந்தது.

எழுந்த கையை நீட்டி மகனிடமிருந்து சாக்பீஸை வாங்கினார். பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இன்னொரு கணக்கை எழுதத் தொடங்கினார்.