ஏழாவது ஓட்டல்

'இந்த ஊரில் எங்கே சாப்பிடலாம்?' என்ற பத்திரிகைக் கட்டுரையை மனைவி வெட்டிப் பத்திரமாகக் கைப்பையில் வைத்திருந்தாள். அதில் ஏழாவதாக இருந்தது, கடற்கரைத் தெருவிலுள்ள 'நீல ஜன்னல்' ஓட்டல்.

"இன்னிக்கு அங்கதான் சாப்பாடு" என்றாள்.

"அதெல்லாம் இந்நேரம் மூடியிருப்பாங்க" என்றான் கணவன். "எனக்கு வயிறு வேற சரியில்ல."

ஓட்டல் பெயரைச் சொன்னதுமே டாக்சிக்காரர் கொண்டுபோய் இறக்கிவிட்டார். நீல ஜன்னல், நான்கு மேசைகள், மீன் வறுக்கும் வாசனை. கணவனுக்குப் பேயறைந்த மாதிரி ஆயிற்று.

"எத்தனை வருஷமா நடத்துறீங்க?" என்று முதலாளியிடம் கேட்டாள் மனைவி.

"ஆறு மாசம்தாம்மா. முன்னாடி இது என் பஞ்சர் கடை. எவனோ இங்க ஓட்டல் இருக்குன்னு பத்திரிகையில அளந்து விட்டுட்டான். தினமும் ஆள் மேல ஆள் வந்து கேட்டு உயிரை வாங்கினாங்க. சரி போன்னு ஜன்னலுக்கு நீல பெயின்ட் அடிச்சு அடுப்பைப் பத்த வச்சிட்டேன். அந்தப் புண்ணியவான் இந்த ஊர்ப் பக்கமே வந்திருக்க மாட்டான்."

மனைவி மெனு கார்டை மூடிவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் கட்டுரையை எழுதுறதுக்காகப் பத்து நாள் இந்த ஊர்ல தங்கினதா சொன்னீங்களே, அப்ப எங்க இருந்தீங்க?"