மஞ்சள் தடவிய உடும்பு

சாக்கு அசைந்தது.

அவள் பார்த்துவிட்டாள். வனச் சோதனைச்சாவடியில் ஒன்பது வருடம். மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் அசைகிற சாக்கை விடுவாளா? சந்தேகம் வந்துவிட்டால் அவளுக்கு உடும்புப்பிடிதான்.

உள்ளே இருந்ததும் உடும்பு.

நாலடி நீளம். உயிரோடிருந்தது. பின்னங்காலில் மஞ்சளை அப்பியிருந்தார்கள்.

"எவனோ இது கால்மேல காரை ஏத்திட்டுப் போயிட்டாம்மா. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்" என்றான் சாக்குக்காரன். பெயர் சொரிமுத்து.

"மஞ்ச தடவியாச்சு. மசாலா எங்க வச்சிருக்க?"

பேருந்தே சிரித்தது.

கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி வந்தார். தோளில் பை, கையில் தடித்த புத்தகம்.

"விடாதீங்க மேடம். இவனுங்களாலதான் காடே அழியுது."

சாட்சிக்கு ஆள் வேண்டியிருந்தது. அவரே முன்வந்தார். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு பெயர், ஊர், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அவர் பையை அவள் திறக்கச் சொல்லவில்லை. படித்த மனுஷன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் ஏற, பேருந்து கிளம்பியது. ரேஞ்சருக்குப் போன் செய்தாள். ஜீப் அனுப்புவதாகச் சொன்னார். 'பேருந்து முழுவதும் சோதிக்கப்பட்டது' என்று ஏட்டில் எழுதினாள். சொரிமுத்துவுக்கு இனி ஜெயில்தான்.

மேசைக்கடியில் ஏதோ கிடந்தது.

முக்கோணமாக மடித்த காகிதம். புத்தகத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

பிரித்தாள்.

ஒரு வண்ணத்துப்பூச்சி. செத்திருந்தது. கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லை. அந்தச் சின்ன இறக்கையில் அத்தனை நீலம்.

காகித ஓரத்தில் பென்சிலால் இடம், தேதி. அதன் கீழே ஒரு வரிசை எண்.

இருநூற்றுப் பதினேழு.

எழுத்து முத்து முத்தாக இருந்தது.

திறக்காமல் விட்ட அந்தப் பை நினைவுக்கு வந்தது.

திரும்பிப் பார்த்தாள். சொரிமுத்து சாக்கை நனைத்து உடும்பின் முதுகில் போர்த்திக்கொண்டிருந்தான். மஞ்சள் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அதற்கடியில் கால் நசுங்கியிருந்தது. தோலில் டயரின் தடம்.

அவன் நிமிர்ந்தான்.

"ஜீப்புல போனா ஆஸ்பத்திரிக்கு சுருக்காப் போயிரலாம், என்னம்மா?"



வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தை வைத்தாள். பிறகு ஏட்டை இழுத்து, தான் எழுதிய வரியைத் தானே அடித்தாள்.