இடது பக்கம் கடல்

"பைபாஸ் ரோடு வேண்டவே வேண்டாம். லாரியைத் தவிர வேறொண்ணும் கண்ணில படாது" என்றார் உமாசங்கர்.

எதிரே உட்கார்ந்திருந்த பிரஜின் தலையாட்டினான். நாகர்கோவில்காரன். மனைவியோடு சைக்கிளில் கொல்லம் வரை போகிறவன். கடலை விட்டு விலகாமல் போக வழி கேட்டு, பாதி வழியில் கரமனையில் இருந்த அவர் வீட்டுக்கு வந்திருந்தான்.

அப்படி வருகிறவர்கள் நிறைய. உமாசங்கர் ஆடிட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஃபைல்களை ஒதுக்கி வைத்துவிட்டு, சைக்கிள் பயணிகளுக்கு வழி வரைந்து கொடுப்பார்.

"எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்தான் சார். நானும் மீராவும். அவ லாட்ஜ்ல இருக்கா."

"அவா சைக்கிள் எப்படி? டயரைப் பார்த்தாத்தான் ரோடு சொல்ல முடியும்."

பிரஜின் தயங்கினான். பிறகு மொபைலில் ஒரு படத்தை எடுத்து நீட்டினான். சைக்கிளைப் பிடித்தபடி அவன் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். உமாசங்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மெல்லிசு டயர். மணல்ல இறக்க வேண்டாம்" என்றார் கடைசியில்.

பென்சிலை எடுத்தார். வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் முடிக்கிறவர், அன்றைக்கு ஒவ்வொரு வளைவையும் நிதானமாக வரைந்தார்.

"அஞ்சரைக்கே கிளம்பிடுங்கோ. பத்து மணிக்கு மேல எதிர்காத்து. பெருமாதுறைப் பாலத்துல கட்டாயம் நில்லுங்கோ, வள்ளமெல்லாம் கடல்லேர்ந்து திரும்பி வர்ற நேரம். அப்புறம் அஞ்சுதெங்கு. கடைசியில காப்பில்னு ஒரு ஊர். ஒரு பக்கம் காயல் தண்ணி, இடது பக்கம் கடல், நடுவுல ரோடு மட்டும்தான். அங்கே பேசாம மெள்ள மிதிச்சாப் போறும்."

"நீங்க நிறையப் போயிருப்பீங்க போல."

"ஏழு வருஷமாப் போறேன். தனியாத்தான்." பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேராப் போறேள். தள்ளிப் போடாமப் போறேளே, அதுவே பெரிசு."

பிரஜின் தாளின் மேல் குனிந்தான்.

"இங்கே பாருங்கோ. வர்க்கலைக்கு முன்னாடி ஒரு ஏத்தம். அவாளை இறங்கித் தள்ளிண்டு வரச் சொல்லுங்கோ. இடது முட்டி தாங்காது."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பிரஜின் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

பிரஜின் தாளைக் கவனமாக மடித்துப் பையில் வைத்தான். எழுந்து போகாமல் அப்படியே நின்றான்.

"உங்க அட்ரஸைத் தந்ததே மீராதான் சார்" என்றான் மெதுவாக. "'எங்களுக்குக் கல்யாணமான புதுசுல அவர் கடலோரமா எனக்குன்னு ஒரு வழி பார்த்து வச்சிருந்தார். ஆடிட் முடியட்டும், ஆடிட் முடியட்டும்னு எட்டு வருஷம் போச்சு, டைவர்ஸும் ஆச்சு. அந்த வழியை மட்டும் கேட்டு வாங்கிட்டு வா'ன்னு சொல்லி அனுப்பினா."