வெள்ளையம்மா வீட்டுக் கறித்தூள்

“எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அடுப்படி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதுங்க” என்றார் ஐயாவு. நாற்காலியில் முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, நரைத்த மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டார்.

கலவான நகருக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவர் கோயில் தலைவர். அவருடைய மனைவி வெள்ளையம்மாவின் பெயரைச் சொன்னாலே கறித்தூள் மணக்கும் என்பார்கள். திருவிழா அன்னதானத்துக்கு வேறு வீட்டுத் தூள் இதுவரை போனதில்லை.

அவர்கள் மகள் சுகந்தினியைப் பெண் பார்க்க ருவான்வெல்லையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சுரேந்திரன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் தேநீரை அவன் மடியில் ஊற்றிவிட்டாள். “பரவாயில்லைங்க, சூடே இல்லை” என்று துள்ளிக் குதித்துக்கொண்டே சொன்னான்.

அதோடு பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. மீதிப் பாதி அவனுடைய தாய் சின்னம்மாவின் கையில் இருந்தது. பக்கத்தில் இருந்த தகப்பனார் செவனு அதிகம் பேசுகிறவர் அல்ல. ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்தில் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

சின்னம்மா ஒரு துணிப்பையை எடுத்து மேசையில் வைத்தார். மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை இலை எல்லாம் வறுக்காமல் அப்படியே இருந்தன.

“கடைத் தூள் எங்க வீட்டுப் படி ஏறுனதில்லீங்க. மருமகளா வர்றவ தூள் வறுத்து அரைச்சுக் காட்டணும். என் மாமியா எனக்கு வச்ச சட்டம். மணம் சரியா வந்துச்சுன்னா இப்பவே தட்டு மாத்திக்குவோம். வரலைன்னா மனசுல ஒன்னும் வச்சுக்காதீங்க, நாங்க கெளம்பிருவோம்.”

“வெள்ளையம்மா மகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?” ஐயாவு உரக்கச் சிரித்தார். வெள்ளையம்மா சிரிக்கவில்லை. சுகந்தினி கலங்கிப்போய் அப்பாவைப் பார்த்தாள்.

“ஒன்னே ஒன்னுங்க. தூள் வறுக்கையில அடுப்படிக் கதவச் சாத்திருவோம். வெளியாள் கண்ணு பட்டா மணம் போயிரும்” என்றார் ஐயாவு.

சின்னம்மா கோபிப்பார் என்று நினைத்தார்கள். “அது சரிதானே! எங்க வீட்டுலயும் சாத்திட்டுத்தான்” என்று அவர் உடனே தலையாட்டிவிட்டார்.

சுகந்தினி பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்த நேரம் பார்த்து ஐயாவுக்கு ஒரு ஃபோன் வந்தது. மணியே அடிக்காத ஃபோனைக் காதில் வைத்து, “ஆமா, தலைவர்தான் பேசுறேன்” என்றபடி வெளியே போனார்.

விஷயம் இதுதான். வெள்ளையம்மா கொழுந்து பறிக்கப் போன காலமெல்லாம், ஐயாவு தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துப் பகலில் வீட்டில் இருந்தவர். தேயிலை காயும் சூட்டில் பழகிய மூக்குக்கு மல்லி எப்போது இறங்க வேண்டும் என்று தெரியும். அந்த வீட்டுத் தூளை வெள்ளையம்மா ஒருநாளும் அரைத்ததில்லை. தலைவரின் கௌரவம் கருதி அந்தச் செய்தி சுவரைத் தாண்டியதுமில்லை.

பின்வாசலுக்கு நேரே, பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். குடும்ப மானம் என்று வந்துவிட்டால் ஜன்னலும் வாசல்தான். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியின் பக்கவாட்டு ஜன்னலில் ஏறினார். பாதியில் வயிறு சிக்கிக்கொண்டது.

“இழும்மா, இழு!”

“மூச்ச உள்ள இழுங்கப்பா!”

முன்னறையில் எல்லாருக்கும் ‘பொத்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கூடவே ஒரு சட்டியும் உருண்டது.

“பூனைங்க” என்றார் வெள்ளையம்மா.

“பெரிய பூனை போல” என்றான் சுரேந்திரன்.

சின்னம்மா பேச்சைத் தொடர்ந்தார். “எங்க தூளுக்கு வெந்தயம் ரெண்டு கை நெறைய அள்ளிப் போடுவேன். நீங்க எப்படிங்க?”

“நாங்களும் ரெண்டு கைதான். சில நேரம் மூனு” என்றார் வெள்ளையம்மா, விட்டுக்கொடுக்காமல்.

செவனுவுக்குத் தேநீர் புரையேறியது. சாத்திய கதவுக்குப் பின்னால் ஓர் அகப்பை விழுந்தது.

பிறகு வாசம் வந்தது. மல்லி வந்தது, சீரகம் வந்தது, கடைசியாக மிளகாய் வந்தது. கிரைண்டர் உறும, முன்னறை முழுவதும் தும்மியது. பீலியிலிருந்து, “வெள்ளையம்மாக்கா தூள் போடுறாங்க டோய்!” என்று சிரிப்பும் தும்மலுமாகச் சத்தம் எழுந்தது.

அடுப்படிக்குள்ளிருந்தும் ஒரு தும்மல் கேட்டது. ஓட்டுக்கூரை அதிர்ந்தது.

“பொண்ணு நல்ல பலமான பொண்ணுங்க” என்றார் சின்னம்மா.

சுகந்தினி தூளைத் தட்டில் கொண்டுவந்து நீட்டினாள். சின்னம்மா ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தட்டைக் கணவரிடம் கொடுத்தார். அவர் கண்ணை மூடி வெகுநேரம் மோந்தார், விரலில் தேய்த்தார், பிறகு மெல்லத் தலையசைத்தார்.

“மருமகளே!” என்று சின்னம்மா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். சுரேந்திரன் தும்மிக்கொண்டே சிரித்தான்.

ஐயாவு முன்வாசல் வழியாக, ஃபோனும் காதுமாக வந்தார். மீசை படிய வாரியிருந்தது. “முடிஞ்சிருச்சா? இந்தப் பொம்பளைங்க வேலையெல்லாம் நமக்கு என்னங்க தெரியும்!”

செவனு எழுந்து வந்து, அவர் தோளில் கை போட்டு முற்றத்துக்கு அழைத்துப் போனார். பெண்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு காதருகே குனிந்தார்.

“சம்பந்தி, ரம்பைய எப்ப எறக்குனீங்க? நான் வறுத்தா ஒவ்வொரு தடவையும் கருகிருதுங்க.”