சம்மதக் கையெழுத்து

எட்டு வயது மகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடக்கிறாள். விபத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. உடனே வேறொருவரின் ரத்தம் ஏற்றியாக வேண்டும். அப்பாவின் மதத்தில் அது பாவம். சம்மதப் படிவத்தை நீட்டியபடி நர்ஸ் நிற்கிறாள். பேனாவை வாங்கிய அவர் இன்னும் படிவத்தைத் தொடவில்லை. உள்ளே இயந்திரத்தின் சத்தம் வேகமெடுக்கிறது.

“ஒரே ஒரு தடவை ஜெபம் பண்ணிக்கிறேன்மா.”

“நேரமில்ல சார்.”

அவர் கண்ணை மூடுகிறார். சிறு வயதிலேயே மனப்பாடமான வசனம்கூட நாக்கில் வர மறுக்கிறது. மனைவி எழுந்து வந்து பேனாவை அவர் கையிலிருந்து உருவுகிறாள்.

“ஆண்டவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க ஜெபம் பண்ணுங்க.”

தாளைச் சுவரில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போடுகிறாள். அதை வாங்கிக்கொண்டு நர்ஸ் ஓடுகிறாள். அவளைத் தடுக்க எழுந்த அவர், தன்னையறியாமல் அவளுக்குக் கதவைத் திறந்து பிடிக்கிறார்.